மணல் வாளி

ஐயா,

நீ நியூசிலாந்துக்குப் போகப்போவதை ஜொகூர் பாருவில் இருக்கும் உன் அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வேலை கிடைத்துவிட்டதாம், விசா வந்துவிட்டதாம், அடுத்த மாதம் விமானமாம். கெலாங் பாத்தாவில் நீ தங்கியிருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டாயாம், பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு ஓட்டிப்போன மோட்டார் சைக்கிளையும் விற்றுவிட்டாயாம். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படி ஊரார் மாதிரி ‘ஆம், ஆம்’ என்று பேசும் நிலைமை எனக்கு வந்திருக்கிறது. அத்தையிடம் நீ சொல்லி அனுப்பியதையும் கேட்டேன். “அம்மாவ ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லுங்க அத்த, அங்கயே பாத்துக்குறேன்.” நான் ஏர்போர்ட்டுக்கு வர மாட்டேன். நீ சிகாமட்டுக்கு வர வேண்டும். அப்பாவை அடக்கம் செய்த அன்று மாலை பையை எடுத்துக்கொண்டு போனவன், அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒரே ஒரு நாள் வந்து, அப்பாவின் பட்டறைக்குள் நுழைந்து, ஒரு காரியம் செய்துவிட்டுப் போ. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் “சாப்டீங்களா மா, மருந்து போட்டீங்களா மா” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய்.

இதில் உன் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதவில்லை. பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டும் ஆட்கள் இதைப் படித்தால் நல்லது என்று எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. ஆனால் முதலில் உனக்குத்தான் அனுப்புகிறேன். நீ படித்து முடித்த பிறகு வேறு யார் படிக்கலாம் என்பதை நீயே சொல். யாரும் வேண்டாம் என்றாலும் சரி. சில விஷயங்களை உனக்குத் தெரிந்திருந்தும் விளக்கி எழுதுவது அந்த மற்றவர்களுக்காக. அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே.

சிக்குவின் வண்டி வேலை முடிந்துவிட்டது. ஆமாம், அதே வண்டிதான். ஊரே சிக்கு என்று கூப்பிடும் அந்த ஓய்வுபெற்ற மலாய் வாத்தியாருடைய கம்பத்துக்குள், அந்த ஆற்றோரக் கிராமத்துக்குள், வெள்ளம் ஏறியபோது, கொட்டகையில் நின்ற அவருடைய வெள்ளைக்காரன் காலத்து வண்டி கூரைவரை மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் அப்பா போய் பானெட்டைத் திறந்தார். சேற்றைக் கையால் வழித்துப் பார்த்துவிட்டு, பூரித்துப்போய் எனக்குப் போன் செய்தார். “அலமாக், இதுக்குள்ள சூப்பர்சார்ஜரு இருக்கு.” என்ஜின் தானாக மூச்சிழுக்கும் அளவுக்கு மேலே காற்றைத் திணிக்கும் சாமான் அது. ஒரு பெட்டிக்குள் இரண்டு உருளைகள் எதிரும் புதிருமாகச் சுற்றும். பக்கத்தில் மாட்டியிருக்கும் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்த காற்றை இழுத்து என்ஜினுக்குள் அழுத்தும். இந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று வருவது அபூர்வம். அப்பா அதைச் சாக்கில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவந்தார். உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோதுகூட அவர் அவ்வளவு ஜாக்கிரதையாக நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு இந்த வேலை எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலோ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணத்துக்கு முன் ஜொகூர் பாருவில் ரேடியோ பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஈயம் வைத்து ஒட்டும் வேலை பார்த்தவள் நான். அப்பா பெண் பார்க்க வந்தபோது என் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, நான் ஒட்டிச் சரிசெய்த எங்கள் வீட்டு ரேடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமான கையோடு கார்புரேட்டர் மிதவைகள் என் பொறுப்புக்கு வந்துவிட்டன. கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பித்தளையில் ஒரு மிதவை இருக்கும். பெட்ரோல் ஏற ஏற அது மேலே வந்து, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். பழைய மிதவையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். பெட்ரோல் உள்ளே புகுந்து மிதவை கனத்து மூழ்கிவிட்டால், கிண்ணம் நிரம்பி வழியும். சூடான என்ஜின்மேல் பெட்ரோல் வழிந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்க மிதவையை வெந்நீரில் அமுக்க வேண்டும். குமிழி வரும் இடத்தில் ஓட்டை. அது என் சமையலறைச் சட்டியில்தான் நடக்கும். உனக்கு நூடுல்ஸ் போட்டுக் கொடுத்ததும் அதே சட்டியில் என்று நீ ஒரு நாள் கண்டுபிடித்து வீட்டை இரண்டாக்கினாய். நன்றாகக் கழுவித்தான் போட்டேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

பள்ளி விடுமுறையில் நீ முதன்முதலாக ஒரு மிதவையை ஒட்டியது ஞாபகம் இருக்கிறதா? ஈயத்தைக் கொட்டி, கொழுக்கட்டை மாதிரி ஒரு கட்டியை வைத்துவிட்டு, பெருமையாகக் கொண்டுவந்து நீட்டினாய். வெந்நீரில் அமுக்கினேன், குமிழி வரவில்லை. அப்பா, “பரவால்ல, நல்லாத்தான் ஒட்டியிருக்கான்” என்றார். நான் அதை எடுத்து நகைத் தராசில் வைத்தேன். இருக்க வேண்டிய எடையைவிட நன்றாகவே கூடுதல். “ஓட்ட அடைஞ்சிருச்சு. ஆனா இது மெதக்காது. கழட்டிட்டு மறுபடி செய்” என்றேன். நீ முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்தாய், சாப்பிடக்கூட வரவில்லை. அன்று மாலை அப்பா அதே மிதவையைக் கொண்டுவந்து, “இந்தா பாரு, ஒம் மகன் மறுபடி செஞ்சிட்டான்” என்றார். ஈயம் மெல்லிசாக, வழவழவென்று ஓடியிருந்தது. பார்த்த உடனே தெரிந்தது, அது அவர் கை. நீ செய்ததை அவர் தன் கையால் சரிசெய்து உன் பெயரில் கொண்டுவந்து வைப்பது அதோடு நிற்கவில்லை. நான் தெரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்ததும் அதோடு நிற்கவில்லை.

இனி சூக்காவுக்கு, அதாவது வினிகருக்கு, வருகிறேன். பழைய சாமான்களில் சாம்பல் நிறத்தில் இருக்கும் வார்ப்புகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். சில அலுமினியம், சில துத்தநாகம் கலந்தவை, சில மெக்னீசியம். மெக்னீசியம் என்றால் தனி மரியாதை. அதன் தூள் பற்றிக்கொண்டால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை நெருப்பு வரும். தண்ணீர் ஊற்றினால் அணையாது, வெடித்துச் சிதறும். சுவரில் மாட்டியிருக்கும் தீயணைக்கும் சிவப்புச் சிலிண்டரும் அதற்கு உதவாது. காய்ந்த மணல் ஒன்றுதான் வழி. அதனால் நம் பட்டறைக்குள் எந்தச் சாம்பல் நிற வார்ப்பு வந்தாலும் அப்பா அதன் ஓரத்தை அரத்தால் கொஞ்சம் சுரண்டி, பளபளப்பு தெரிந்ததும், “சூக்கா கொண்டா” என்று குரல் கொடுப்பார். நான் சமையலறையிலிருந்து வினிகர் புட்டியை எடுத்துப் போவேன். ஒரு சொட்டு விட்டு அது நுரைத்தால் மெக்னீசியம். நுரைத்தவுடன் இரண்டு வேலை நடக்க வேண்டும். மணல் வாளி மேசை பக்கத்தில் வர வேண்டும், சாணைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீர் வாளி வெளியே போக வேண்டும். நீ நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து உனக்குத் தெரிந்த சட்டம் இது. சிறுவயதில் நீதான் அந்தத் தண்ணீர் வாளியைத் தத்தித் தத்தித் தூக்கிப்போய் ரம்புத்தான் மரத்தடியில் வைப்பாய். பாதித் தண்ணீர் உன் கால்மேல்தான் இருக்கும்.

சிக்குவின் சூப்பர்சார்ஜர் நுரைத்தது. வெள்ளத்தில் கிடந்ததால் அதன் பக்க மூடியை உப்பு தின்றமாதிரி அரித்து, வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அந்த மூடியைத்தான் அப்பா சாணையில் கொடுத்துச் சமன்படுத்திக்கொண்டிருந்தார். மணல் வாளி உள்ளே இருந்தது, தண்ணீர் வாளி வெளியே இருந்தது. மூடி முடிந்ததும், உருளையின் எஃகுத் தண்டில் இருந்த ஒரு பிசிறை எடுக்க வேண்டியிருந்தது. எஃகு சூடானால் குளிரவைக்கத் தண்ணீர் வேண்டும். அதனால் தண்ணீர் வாளியை மறுபடி உள்ளே எடுத்துவரச் சொன்னார். நீ அந்த வாரம் லீவில் வந்திருந்தாய், நீதான் எடுத்துவந்தாய். சாணைக்குக் கீழே இருந்த தட்டில் மெக்னீசியத் தூள் அப்படியே கிடந்தது. அதைக் கூட்டி எடுக்காமல் அதே சாணையில் எஃகை வைத்தார். எஃகு பட்டால் தீப்பொறி பறக்கும் என்று ஊருக்கே பாடம் நடத்தும் மனிதர். ஒரு நிமிஷ வேலைதானே என்று நினைத்திருப்பார். இது அப்பா செய்த தப்பு. இறந்துபோனவர் என்பதற்காக நான் அதை மாற்றிச் சொல்லப்போவதில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் நீ எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று இருக்கிறது. ஐயா, எனக்குத் தெரியும். நான் பார்த்தேன். சமையலறைக்கும் பட்டறைக்கும் நடுவில் இருக்கும் கதவில், மிதவைகள் கிடந்த வெந்நீர்ச் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். உனக்கு என் பக்கம் முதுகு. தட்டில் வெள்ளையாக ஒன்று எழும்பியது. அப்பாவின் இடது கைச் சட்டை பற்றிக்கொண்டது. அவர், “மணலு! மணலப் போடு!” என்று கத்தினார். எனக்கே தெளிவாகக் கேட்டது. நீ குனிந்து வாளியைத் தூக்கினாய். உன் கைக்குக் கிட்டத்தில் இருந்தது தண்ணீர் வாளி. பாதி அவர் கைமேல் விழுந்தது, மீதி அந்தத் தட்டில் விழுந்தது. பிறகு அந்தச் சத்தம். வெள்ளைத் துண்டுகள் அவர் நெஞ்சிலும் கழுத்திலும் போய் ஒட்டிக்கொண்டன. நான் சத்தம் கேட்டு ஓடிவந்ததாக நீ நினைத்தாய், எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். நான் ஓடிவரவில்லை, அங்கேயேதான் நின்றேன். என் கையிலும் தண்ணீர் இருந்தது. நான் அதை ஊற்றாமல் இருந்தது என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்ல மாட்டேன். எனக்குக் கால் நகரவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பொம்பா அதிகாரி, அதுதான் தீயணைப்புக்காரர், வந்து அப்பாவிடம் கேட்டார், தண்ணீரை ஊற்றியது யார் என்று. அப்பாவுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. உதடு வீங்கியிருந்தது. “நாந்தான். பழக்க தோஷம்” என்றார். நீ கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன், நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். நீ வெளியே தண்ணீர் குடிக்கப் போனபோது அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டார். நான் பார்த்தது அவருக்குத் தெரியும். அவர் முகம் கதவுப் பக்கம்தானே இருந்தது. “அவங்கிட்ட கேக்காத. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. சின்னப் புள்ள, தாங்க மாட்டான்” என்றார். முப்பது வயதை எட்டப்போகிற ஆள் அவருக்குச் சின்னப் பிள்ளை. “சரிங்க” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் அந்த நேரத்தில். அதற்குப் பிறகு புண்ணில் கிருமி ஏறி, காய்ச்சல் கண்டு, யாரையும் அடையாளம் தெரியாமல் போய், முடிந்துவிட்டது. இன்று அந்தச் ‘சரிங்க’வை உடைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவருக்குக் கோபம் வந்தால் வரட்டும். மேலே போனதும் நான் பேசித் தீர்த்துக்கொள்கிறேன்.

அடக்கத்தின்போது அத்தை ஆளுக்கு ஒரு மெழுகுவர்த்தி கொடுத்தாள். நீ வாங்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கல்லறைக்குத் தள்ளி நின்றாய். வருஷப் பூசைக்கு வேலை இருக்கிறது என்றாய். கல்லறைத் திருநாளுக்கு மழை என்றாய். மழை சிகாமட்டில் பெய்ததா கெலாங் பாத்தாவில் பெய்ததா என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நீ வராதது முதல் சில மாதங்கள் எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் மேல் அவ்வளவு ஆத்திரம். அவர் கத்தினாரே, மணல் என்று அவ்வளவு சத்தமாகக் கத்தினாரே, இவன் காதில் என்ன விழுந்தது என்று சோறு பிசையும்போது நினைப்பேன். உன் போன் வந்தால் அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன். பெற்ற பிள்ளையை ஒரு தாய் இப்படி வெறுக்க முடியுமா என்று கேட்டால், முடியும். நான் வெறுத்தேன். பூசையில் உட்கார்ந்துகொண்டே வெறுத்தேன்.

உன் அத்தைக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் உன்னைப் பற்றிப் பேச்சு வந்தால், “அவன் என்ன பண்ணுவான் பாவம், எல்லாம் விதி” என்பாள். உனக்கு ஆறுதல் சொல்ல ஆள் கிடைத்தால் அவர்களும் இதைத்தான் சொல்வார்கள். உன் தப்பு இல்லை, பதற்றத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள் என்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீ மணல் வாளியைத் தூக்கியிருந்தால் அப்பாவுக்குக் கை மட்டும் வெந்திருக்கும். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன், நீயும் தினமும் உனக்கு அதைத்தான் சொல்லிக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். அவர் தூளைக் கூட்டாமல் எஃகை வைத்தது தப்பு. நீ தண்ணீரை ஊற்றியது தப்பு. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்க முடியாது. உனக்கு அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் இருந்தது, எரிகிற சட்டையைப் பார்த்தாய், கை தானாகத் தண்ணீர் வாளிக்குப் போய்விட்டது. அதுவும் உண்மை. இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் நாம் இருவரும் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

அப்பா உன் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு உனக்கு நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு போனார். நீ ஒட்டிய மிதவை மாதிரிதான் அதுவும். ஓட்டை அடைந்துவிட்டது. ஆனால் அவர் வைத்த ஈயம் உனக்குத் தாங்க முடியாத கனமாகப் போய்விட்டது, நீ மூழ்கிக்கொண்டிருக்கிறாய். ஒரு வருஷத்துக்கு மேலாக நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். போனில் உன் குரல் எப்படி ஆகிவிட்டது என்று உனக்குத் தெரியாது. மருந்துக் கடைக்காரன் பேசுவதுபோல் பேசுகிறாய்.

பட்டறையை நான் பல மாதம் திறக்கவே இல்லை. சிக்கு ஒரு நாள் மகளோடு வந்து, வாசலிலேயே நின்று, “தாக் பாயா லா” என்றார். ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள், வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று மலாயில் சொல்லி அழுதார். அவர் அழுததைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. என் புருஷனுக்கு நான் இன்னும் சரியாக அழுது முடிக்கவில்லை, இவர் எனக்கு முன்னால் வந்து அழுகிறார். “நான் முடிச்சுக் கொடுக்கிறேன் சிக்கு” என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மறுநாள் காலை கதவைத் திறந்தேன். சுவரில் வெள்ளையாகத் தெறித்த தழும்பு அப்படியே இருந்தது. இன்னமும் இருக்கிறது, நான் சுண்ணாம்பு அடிக்கவில்லை. நீ வரும்போது அதைப் பார்க்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

முதலில் எனக்குத் தெரிந்த கார்புரேட்டரில் கை வைத்தேன். வெள்ளச் சேறு உள்ளே சிமென்ட் மாதிரி இறுகியிருந்தது. பெட்ரோல் போகும் சின்னத் துவாரங்களைக் கம்பியால் குத்தக் கூடாது, அளவு பெரிதாகிவிடும். ஊறவைத்து, காற்று ஊதி, மறுபடி ஊறவைத்து, பொறுமையாகத்தான் எடுக்க வேண்டும். பொறுமை எனக்குக் கிடையாது, உனக்குத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் எனக்குச் செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. மிதவையில் இரண்டு இடத்தில் ஓட்டை. ஒட்டி, தராசில் வைத்து, சுரண்டி, மறுபடி வைத்து, சரியான எடைக்குக் கொண்டுவந்தேன். அன்று தட்டின் பக்கத்தில் கிடந்து எரிந்துபோன பக்க மூடிக்குப் பதிலாக, குளுவாங்கில் லேத் வைத்திருக்கும் சீனர் அலுமினியத்தில் புதிதாக ஒன்று கடைந்து கொடுத்தார். அரையாய்க் கருகிய பழைய மூடியை அளவுக்காகக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தபோது, அவர் அதைத் துணியில் சுற்றியே வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மனிதரை அதற்காகவே எனக்குப் பிடித்துப்போனது.

உருளைகள்தான் என்னைப் படுத்தியெடுத்தன. இரண்டும் ஒன்றை ஒன்று உரசவும் கூடாது, ரொம்பத் தள்ளியும் இருக்கக் கூடாது. உரசினால் நாசம், தள்ளி இருந்தால் அழுத்தம் வராது. காகிதம் போன்ற தகடுகளை நடுவில் விட்டு, கையால் சுற்றிச் சுற்றி, பல்சக்கரத்தை நகர்த்தி நகர்த்தி இடைவெளி வைக்க வேண்டும். அப்பா விசிலடித்துக்கொண்டே செய்வார். நான் திட்டிக்கொண்டே செய்தேன். அவரைத் திட்டினேன், உன்னைத் திட்டினேன், அந்த வண்டியை முதன்முதலில் இங்கே கப்பலேற்றிய வெள்ளைக்காரனைத் திட்டினேன். ஒரு நாள் மத்தியானம் உன்னை வாய்விட்டு வைதுகொண்டிருக்கும்போதே, இதில் தகட்டைப் பிடிக்க அவன் விரல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. அவன் கண் என் கண்ணைவிடத் தெளிவு என்று தோன்றியது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்காக அழுததா உனக்காக அழுததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு உன்னை வெறுக்க முடியவில்லை. கோபம் இருக்கிறது, அது போகுமா என்று தெரியாது. வெறுப்பு இல்லை.

நியூசிலாந்துக்குப் போ. உன்னைத் தடுக்க எழுதவில்லை. அங்கே குளிராம், நல்ல கம்பளிச் சட்டை வாங்கிக்கொள், மலிவானதை வாங்கி ஏமாறாதே. அங்கே ஒரு பெண்ணைப் பிடித்துப்போனால், கல்யாணத்துக்கு முன்னால் இந்த விஷயத்தை அவளிடம் முழுசாகச் சொல்லிவிடு. சொல்லாமல் வைத்துக்கொண்டு படுக்கையில் முதுகைக் காட்டிப் படுத்தால், அவள் தன்னிடம் ஏதோ குறை என்று நினைப்பாள். யாராவது உன் தப்பே இல்லை என்று சொன்னால் நம்பாதே. எல்லாம் உன் தப்பு என்று சொன்னாலும் நம்பாதே. பிள்ளை பிறந்தால், அவன் செய்த தப்பை நீ ஒட்டிச் சரிசெய்து அவன் பெயரில் வைக்காதே. அப்பா நல்ல மனிதர், ஆனால் அந்த ஒரு விஷயத்தில் நீ அவரைப் போல இருக்க வேண்டாம்.

இப்போது நீ வந்து செய்ய வேண்டிய காரியம். சூப்பர்சார்ஜரும் கார்புரேட்டரும், நம் பட்டறைக்கு இழுத்துவந்து நிறுத்தியிருக்கும் வண்டியில் ஏறிவிட்டன. என்ஜினை இன்னும் கிளப்பவில்லை. முதல் தடவை கிளப்பும்போதுதான் ஆபத்து. தீப்பொறி விழும் நேரம் கொஞ்சம் பிசகினாலும் நெருப்பு என்ஜினிலிருந்து பின்னால் வந்து, சூப்பர்சார்ஜருக்குள் இருக்கும் பெட்ரோல் காற்றைப் பிடித்துக்கொள்ளும். மூடிதான் அலுமினியம், பெட்டி அதே மெக்னீசியம். வண்டிக்குள் உட்கார்ந்து சாவியைத் திருப்ப சிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் கார்புரேட்டர் பக்கத்தில் குனிந்து நின்று திருகைச் சரிசெய்ய வேண்டும். அங்கே கையும் முகமும் வைக்காமல் அந்த வேலை நடக்காது. மணல் வாளியோடு பக்கத்தில் நிற்க ஓர் ஆள் வேண்டும். சிக்கு தன் மருமகனைக் கூட்டிவரவா என்று கேட்டார். குளுவாங் சீனர் கடையைச் சாத்திவிட்டு வருகிறேன் என்றார். இரண்டு பேரிடமும், “ஆள் இருக்கு” என்று சொல்லிவிட்டேன்.

மணலை நானே வெயிலில் பரப்பிக் காயவைத்துச் சலித்து வைத்திருக்கிறேன். தண்ணீர் வாளியை ரம்புத்தான் மரத்தடியில் கவிழ்த்துவிட்டேன். எந்தச் சனிக்கிழமை வருகிறாய் என்று மட்டும் சொல். இந்தத் தடவை நான் கதவில் நிற்க மாட்டேன். என் முகம் என்ஜினுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும், உனக்கு முதுகைக் காட்டித்தான் நிற்பேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். நீ வாளியைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் நில். நீ வந்து நின்ற பிறகுதான் சிக்குவைச் சாவியைத் திருப்பச் சொல்வேன்.

அம்மா